வாசலுக்குச் சட்டம் எழுதியவர்

பிலோமினா இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னது ஒரு தாமரைப் பூ. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில், மறுநாள் தண்ணீர் வராது என்ற அறிவிப்புக்கு அடியில், கூப்பிய இரண்டு கைகளும் ஒரு தாமரையும் வந்து விழுந்தன. அதன் கீழே, "நம் அன்புச் சகோதரி, ஏழைகளின் வழக்கறிஞர் பிலோமினா அவர்கள் இறைவனடி சேர்ந்தார்" என்று இருந்தது. அனுப்பியவர் எங்கள் நிர்வாகக் குழுத் தலைவர் குணாளன். இதே குழுவில், இதே அன்புச் சகோதரியை, 'கட்டடத்தைக் கெடுக்க வந்த பொம்பளை' என்று அவர் எழுதி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தலைவர் தொடங்கிவைத்ததும் குழுவில் தாமரையாகக் கொட்டியது. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போன பெண்ணுக்கு ஒருவர் 'ஓம் சாந்தி' சொன்னார். இன்னொருவர் அவசரத்தில் பிறந்தநாள் கேக் படத்தை அனுப்பிவிட்டுப் பிறகு அழித்தார். கேக் அனுப்பியவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் ஒருவராவது தெரியாமல் செய்தார்.

கிள்ளான் நீதிமன்ற கேண்டீனில் பிலோவோடு காப்பி குடித்தவர்களுக்கும், அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் இருவரும் ஒரே ஆட்கள்தான். நான் அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தேன், அவர் வழக்கறிஞர். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "கேஸு நெறைய இருக்கு" என்பார். ஓய்வுக்குப் பிறகு இருவரும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில் குடியிருந்தோம். இப்போது இரங்கல் பேசுகிறவர்கள் அவரை 'அன்பே வடிவானவர்' என்கிறார்கள். அப்படியென்றால் பச்சை மிளகாயும் இனிப்புப் பலகாரம்தான்.

ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. பேருந்து நிலையத்தில் ஒரு திருநங்கையைச் சிலர் சேர்ந்து அடித்துப்போட்டிருந்தார்கள். அடிபட்டவருக்குத் துணையாக பிலோ வந்திருந்தார். அடித்தவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர், சாட்சி சொல்ல நின்றவரைப் பார்த்து, இங்கே எழுத முடியாத ஒரு மலாய்ச் சொல்லைச் சேர்த்து, நீ ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டார். நான் வழக்கம்போல், "தாங்கள் ஆணா பெண்ணா என்று வினவுகிறார்" என்றேன். பிலோ எழுந்து அந்தக் கேள்வியையே நீக்கவைத்தார். பிறகு கேண்டீனில் என்மேல் பாய்ந்தார்.

"ஏன் பத்மா, அவன் வாயிலேர்ந்து வந்த சாக்கடைக்கு நீ எதுக்குப் பன்னீர் தெளிக்கிற? நீ 'தாங்கள்'னு சொன்னவுடனே அவன் பெரிய மனுசனாயிட்டான்லா."

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அசிங்கமாகப் பேசுகிறவனுக்கு நல்ல தமிழ் கொடுப்பது மரியாதை ஆகாது, அவனுக்குச் செய்யும் உதவி. ஆகவே இனி வருகிறவர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே தருகிறேன். பன்னீர் தீர்ந்துவிட்டது.

மாலினி எங்கள் மாடியில், பிலோவின் எதிர்வீட்டுக்கு வாடகைக்கு வந்தாள். அவள் திருநங்கை. வீட்டுக்காரர் பினாங்கில் இருக்கும் ஒரு சீனப் பெரியவர். வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பாயா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார். மணப்பெண் அலங்காரம் மாலினியின் தொழில். கிள்ளானிலிருந்து பந்திங் வரைக்கும் அவளைத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. முகூர்த்த நாள் குறிப்பதற்கு முன்னால், அந்த நாளில் மாலினி வருவாளா என்று விசாரித்துக்கொள்ளும் அம்மாக்களை எனக்குத் தெரியும். குணாளன் மகள் கல்யாணத்துக்கும் அவள்தான் அலங்காரம். அந்தப் படம் ஆளுயரத்துக்கு அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. தாலி ஏறப்போகும் மகளின் கன்னத்தை மாலினி தொடலாம், அது மங்களம். அதே மாலினி லிஃப்டில் பக்கத்தில் நின்றால் கட்டடத்தின் மானம் போய்விடும்.

புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு எங்கள் நிர்வாக அலுவலகம் ஒரு ஆக்செஸ் கார்டு கொடுக்கும். அதைக் காட்டினால் வாசல் திறக்கும், லிஃப்ட் நகரும். மாலினிக்கு மட்டும் அது 'பரிசீலனையில்' இருந்தது. குணாளனின் உத்தரவு. கார்டு இல்லாதவர் சட்டப்படி விருந்தாளி. எனவே தான் குடியிருக்கும் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவள் வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் அடையாள அட்டையை, அதாவது ஐசியை, நீட்ட வேண்டும். ஜாகா ஒரு நேப்பாளி, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் ஐசியில் உள்ள பெயரை வாக்கிடாக்கியில் அலுவலகத்துக்கு உரக்கப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அது அவள் அப்பா வைத்த ஆண் பெயர். அதை இங்கே எழுத மாட்டேன். விடியற்காலையில் புறப்பட்டு இரண்டு முகூர்த்தம் முடித்து, அலங்காரப் பெட்டியோடு வந்து நிற்கிறவளை அந்தப் பெயரால் அழைக்கும்போது, காருக்குள் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்கள் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார்கள். வெயில் அடித்தாலும் ஏர்கான் குளிர் வெளியே போனாலும் இறக்குவார்கள்.

ஒரு நாள் பிலோவும் நானும் பாசார்ச் சந்தையிலிருந்து கங்கோங் கீரைக் கட்டோடு திரும்பியபோது இதைப் பார்த்தோம். பிலோ கையில் எடுத்திருந்த கார்டைத் திரும்பப் பைக்குள் போட்டார். மாலினிக்குப் பின்னால் போய் நின்று தன் ஐசியை நீட்டினார்.

"மேடம், யூ ஓனர்," என்றான் ஜாகா.

"டுடே விசிட்டர். எழுது தம்பி."

பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன. பிலோ திரும்பிப் பார்த்து, "அடிங்க, நல்லா அடிங்க. மேளம் இல்லாம வீட்டுக்குள்ள போறமேன்னு பாத்தேன்" என்றார். அதன் பிறகு மாலினியை வாசலில் பார்த்தபோதெல்லாம் அவர் விருந்தாளியாகவே உள்ளே போனார். கொஞ்ச நாளில் நானும் அப்படிச் செய்யத் தொடங்கினேன். வாசலில் நெரிசல் என்று குழுவில் புகார் வந்தது. புகார் நெரிசலைப் பற்றித்தான்.

இது நடந்துகொண்டிருக்கும்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. எங்கள் கட்டடத்திலேயே ஒரு வீடு வாடகைக்கு என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். கடைசி வரி: இந்தியர்கள் வேண்டாம். லிட்டில் இந்தியாவின் நடுவில் நிற்கும் கட்டடம் இது. கீழே இறங்கினால் பூக்கடை, எதிரே வாழையிலைச் சாப்பாடு. குழுவில் தீப்பிடித்தது. குணாளன் குரல்பதிவிலேயே அழுதார்.

"நாங்க என்ன மனுசங்க இல்லையா? எங்க தாத்தா போட்ட தண்டவாளத்துல ட்ரெயின்ல போறவன் எங்களுக்கு வீடு இல்லங்கறான்! பொறப்ப வெச்சு ஒதுக்கறது எவ்ளோ பெரிய பாவம்!"

அவருடைய தாத்தா தண்டவாளம் போடவில்லை. வட்டிக்கடை வைத்திருந்தார். தண்டவாளம் போட்டது பிலோவின் தாத்தா. ஆனாலும் சொன்ன செய்தியில் பிழையில்லை. பிறப்பை வைத்து ஒதுக்குவது பாவம்தான். அந்தக் குரல்பதிவை அனுப்பிவிட்டு அவர் வாசலைத் தாண்டிப் போனபோது, மாலினி ஐசியோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள் என்பதுதான் கதை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

குணாளன் பிலோவிடம் வந்தார். இப்படி இனி நடக்காமலிருக்கக் கட்டடத்துக்கு ஒரு துணைவிதி எழுதித் தர வேண்டும் என்றார். உரிமையாளர்கள் பொதுக்கூட்டத்தில், வாக்களிப்பவர்களில் நாலில் மூன்று பங்கினர் ஒப்புக்கொண்டால் எங்களைப் போன்ற கட்டடங்கள் தமக்கென்று விதிகள் போட்டுக்கொள்ளலாம். பிலோ அன்றே எழுதிக் கொடுத்தார். "இந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் எவருக்கும், இனம், சமயம், உடற்குறை, பாலினம், பாலின அடையாளம், யாரை நேசிக்கிறார் என்பது ஆகிய எந்தக் காரணத்தாலும் நுழைவு அட்டையோ, மண்டபமோ, வேறு பொது வசதியோ மறுக்கப்படலாகாது. இத்தகைய காரணம் காட்டி வீடு மறுக்கும் முகவருக்குக் கட்டடத்துக்குள் அனுமதியில்லை." அவ்வளவுதான் விதி. குணாளன் பாதிவரை தலையாட்டிக்கொண்டே படித்தார்.

"சிஸ்டர், சூப்பர். இந்த அடையாளம், நேசம்... இந்த ரெண்டு எடத்த மட்டும் எடுத்துருங்கலா."

"எடுத்துடறேன். அப்படியே மொதல்ல இருக்கற 'இன'த்தையும் எடுத்துடறேன். ஒங்களுக்கு வலிச்சா பாவம், அவளுக்கு வலிச்சா பரிசீலனையா?"

"அது வேற, இது வேற சிஸ்டர்."

"என்ன வேற? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவர் சொல்லவில்லை. இன்றுவரை யாரும் சொல்லவில்லை. 'அது வேற, இது வேற' என்பதோடு நம் ஆட்களின் சட்ட அறிவு முடிந்துவிடுகிறது. தெரியாதவன் ஒதுக்கினால் அறியாமை என்று விடலாம். அடி வாங்கியவனே அடுத்தவனை அடிக்கக் கை ஓங்குவதைப் பார்த்தால் குமட்டும் என்பார் பிலோ.

பிறகு குணாளன் ஒரு தந்திரம் செய்தார். மாலினியைத் தனியாகக் கூப்பிட்டு, கார்டு தருகிறேன், யாரிடமும் சொல்லாதே, அந்த லாயரம்மாவிடம் விதியெல்லாம் வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு என்றார். நினைத்துப் பாருங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, அதையே பரிசாகக் கொடுக்கும் வள்ளல். மாலினி பிலோ வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அவள் களைத்துப்போயிருந்தாள்.

"வாங்கிக்கட்டுமாக்கா? என் பேரு அந்த வாக்கிடாக்கில கேக்கறப்ப ஒவ்வொரு தடவையும் செத்துப் பொழைக்கிறேன்."

"வாங்கிக்கோம்மா. ஒன்னத் தடுக்க எனக்கு ரைட் இல்ல. ஆனா ஒன்னு தெரிஞ்சுக்கோ. எரக்கம் அந்த ஆளோட மூடப் பொறுத்தது. நாளைக்கு அவருக்கு அஜீரணம்னா ஒன் கார்டு செத்துடும். விதிக்கு அஜீரணம் கெடையாது."

"நாட்டுச் சட்டமே நமக்கு இல்லியேக்கா."

"பெரிய சட்டம் மாறறப்ப மாறட்டும். அதுவரைக்கும் நம்ம வாசலுக்கு நம்ம சட்டம்."

மாலினி அங்கேயே போனை எடுத்தாள். குணாளனைக் கூப்பிட்டு, "அங்கிள், எல்லாருக்கும் குடுக்கற மாதிரி கவுண்டர்ல வெச்சுக் குடுங்க, வாங்கிக்கறேன்" என்றாள். அவர் போனை வைத்துவிட்டார். மறுநாளும் அவள் வாசலில் ஐசியோடு நின்றாள்.

பிலோவுக்கு அப்போதே சிறுநீரகம் போய்விட்டிருந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அங்கே படுத்துக்கொண்டே உரிமையாளர்களுக்குப் போன் போடுவார். மாதா கோயில் பங்கிலிருந்து ஓர் அம்மாள் பழங்களோடு பார்க்க வந்தார்.

"அந்த மாதிரி ஆளுங்களுக்காக நாங்க ஜெபம் பண்றோம் சிஸ்டர்," என்றார்.

"நல்லது. ஜெபம் பண்ணிட்டுக் கூட்டத்துக்கு வந்து கையத் தூக்குங்க. ஆண்டவருக்கு ஓட்டு இல்ல, ஒங்களுக்கு இருக்கு."

பழத்தை மட்டும் வைத்துவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார். பழம் புளித்தது என்று பிலோ பிறகு சொன்னார்.

கூட்டம் மண்டபத்தில் நடந்தது. எங்கள் கூட்டங்களுக்குக் கணவன் மனைவி சேர்ந்து வருவார்கள், ஏனென்றால் முடிந்ததும் சாப்பாடு உண்டு. ஆண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பேசுவார்கள். பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, சாப்பாட்டு வண்டி வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அன்று ஆண்கள் வாய் கிழியப் பேசினார்கள். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றார் ஒருவர். அவர் பிள்ளைகளைக் கெடுக்க வெளியாள் தேவையில்லை, அவர் கார் ஓட்டும்போது பேசும் பேச்சே போதும். நம் கலாச்சாரம் என்றார் இன்னொருவர், செருப்புக் காலை எதிர் நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு. பிலோ குறுக்கே பேசவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. எல்லோரும் பேசி முடித்து, குணாளன், "சரி, எதிர்க்கறவங்க கை தூக்குங்க" என்றதும்தான் எழுந்தார்.

"தலைவரே, ஓட்டு வீட்டு ஓனருக்குத்தான். ஓனர் இல்லாதவங்க ஓனர் சார்பா ஓட்டுப் போடணும்னா முன்கூட்டியே எழுதிக் குடுத்திருக்கணும். யாரும் குடுக்கல. நா ஆபீசுல கேட்டுட்டேன்."

முன்வரிசையில் தூக்கப்போன கைகள் இறங்கின. வெளியாட்களுக்கு இது புரியாது, நமக்குப் புரியும். எங்கள் வியாபாரிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. வியாபாரம் படுத்தாலும் வீடு தப்பட்டும் என்று மனைவி பேரில் எழுதிவைப்பார்கள். பெயர் அவளுடையது, சத்தம் இவர்களுடையது. அன்று முன்வரிசையில் கர்ஜித்தவர்களில் பலருக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு செங்கல்லும் சொந்தமில்லை. சொந்தக்காரிகள் பின்னால் சாப்பாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணாளன் வீடும் மனைவி சரோஜா பேரில்தான். சரோஜாவின் நியமனத்தில்தான் அவர் தலைவரே ஆகியிருந்தார்.

"பின்னாடி இருக்கற ஓனருங்களே," என்றார் பிலோ, "மாலினி ஒங்க வீட்டுக்குப் பொண்ணு அலங்காரத்துக்கு வந்தப்ப வாசல்ல ஐசி கேட்டீங்களா? அவ்ளோதான் என் கேள்வி. ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

முதலில் யாரும் தூக்கவில்லை. பிறகு சேலைக்கடைக்காரர் மனைவி தூக்கினார். அவர் பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். அப்புறம் பின்வரிசை முழுவதும் வளையல் சத்தம். எதிர்ப்பவர்களைக் கேட்டபோது, குணாளன் கையைத் தூக்கு என்று சரோஜாவை முழங்கையால் இடித்தார். சரோஜா ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை, கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். விதி நிறைவேறியது. பிலோ என் காதருகே வந்து, "பாவம், சொந்த வீட்லயே டெபாசிட் போச்சு" என்றார்.

மாலினிக்குக் கார்டு கவுண்டரில் வைத்தே கொடுக்கப்பட்டது. அவள் முதன்முதலாக அதைக் காட்டிக் கதவைத் திறந்தபோது, ஜாகாதான் கைதட்டினான்.

இப்போது பிலோ போய்விட்டார். பிலோவுக்குக் கடைசிவரை புடவை கட்டத் தெரியாது. கொசுவம் ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கம். கிள்ளானில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது மாலினிதான் புடவை கட்ட வந்தாள். ஷா ஆலமிலிருந்து வந்த உறவுக்காரப் பெண், "அவங்க எதுக்கு? சொந்தக்காரங்க நாங்க இருக்கோம்ல" என்றார். இருந்தார்கள்தான். டயாலிசிஸுக்கு ஒரு நாள் கூட்டிப்போக ஆள் தேடியபோது இல்லாத சொந்தம், பெட்டியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது. நான் அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். மாலினி அழுதுகொண்டே ஒவ்வொரு மடிப்பாக வைத்துக் குத்தினாள். பிலோ உயிரோடு இருந்திருந்தால், "சீக்கிரம்லா" என்று அதட்டியிருப்பார்.

சென்ற வாரம் ஆண்டுப் பொதுக்கூட்டம். குணாளன் பிலோவின் படத்துக்கு மாலை போட்டு, ஒரு நிமிட மௌனத்தோடு கூட்டத்தைத் தொடங்கினார். சமத்துவத்துக்காக வாழ்ந்தவர் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்கூட இத்தனை சுத்தமான கைக்குட்டை வைத்திருக்காது. மௌனம் முடிந்ததும் அடுத்த விஷயம்: சென்ற முறை நிறைவேறிய துணைவிதியை நீக்குவது. இந்த முறை அவர் பாடம் படித்திருந்தார். மனைவிமாரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக் கணவர்கள் சார்பாளர்களாகப் பதிந்திருந்தார்கள். கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது. இது போனால் மறுநாள் மாலினியின் கார்டு போகும், ஐசி திரும்ப ஜாகா கைக்குப் போகும். மாலினி என் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் பேசி வளர்ந்தவள் இல்லை. பிறர் பேச்சைத் திருப்பிச் சொல்லியே பிழைத்தவள். ஆனாலும் எழுந்தேன்.

"மேடை மேல இருக்கற படத்துக்கு மாலை, அந்தப் படத்துல இருக்கறவங்க எழுதுனதுக்குக் கத்தி. குணாளன், ஒங்களுக்கு வெக்கமா இல்ல?" என்றேன். "சார்பா யாரு வேணா கையெழுத்து வாங்கியிருக்கட்டும். ஓனரே மண்டபத்துல இருந்தா சார்பு செல்லாது. வந்திருக்கற ஓனருங்க அவங்கவங்க கையத் தூக்கட்டும்."

"பத்மாம்மா, ஒக்காருங்க, கையெழுத்தெல்லாம் முறையா இருக்கு," என்றார் குணாளன்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. சரோஜா எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேசி நான் கேட்டதே இல்லை.

"நா போட்ட கையெழுத்துதான். சோறாக்கிட்டு இருந்தப்ப நீட்டுனாரு, போட்டேன்," என்றார். "இப்ப நானே வந்திருக்கேன்ல. நம்ம பொண்ணு கல்யாணத்துல அவ அழுதப்ப மை கலையாமத் தொடச்சு விட்டது இந்தப் பொண்ணு. என் கைய நானே தூக்கிக்கறேன். விதி இருக்கட்டும்."

நீக்கும் தீர்மானம் தோற்றது. நாலில் மூன்று என்ன, பாதிகூடத் தேறவில்லை. மாலினி முகத்தை மூடிக்கொண்டாள். சாப்பாட்டு வரிசையில் குணாளன் தட்டோடு என் அருகில் வந்தார். மீகூன் சேமியாவை எனக்கு அவரே பரிமாறினார். தோற்றவுடன் உறவு கொண்டாடுவதில் நம் ஆட்களுக்கு நிகர் யாருமில்லை.

"பத்மாம்மா, நடந்தத மனசுல வெச்சுக்காதீங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம்."

எத்தனையோ ஆண்டுகள் இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ பேருக்காக மொழிபெயர்த்திருக்கிறேன். எல்லா மொழியிலும் தப்பு செய்தவனே இதைச் சொல்வான். பிலோமினாவிடமிருந்து எனக்குக் கிடைத்ததை இங்கே சொல்லி முடிக்கிறேன். அவருடைய துணிச்சல் எனக்கு வரவில்லை, சட்ட அறிவும் வரவில்லை. இளக்காரம் வந்திருக்கிறது. இளைத்தவளை வாசலில் நிறுத்துகிறவனை, அவன் எத்தனை பெரிய நாற்காலியில் உட்கார்ந்தாலும், பெரிய மனிதன் என்று ஒப்புக்கொள்ளாத இளக்காரம். அதை நான் யாருக்காகவும் இறக்கிவைக்கப் போவதில்லை.

"வெச்சுக்குவேன் குணாளன்," என்றேன்.